கிரெகரி பிங்கஸ் சரிதை

அறிவினாற் பெரியோர் பலர் உலகிற்கு நன்மை செய்திருக்கின்றனர். அவருட் சிலர் செய்த நன்மை, அவர்தம் குறையையும் உடன்வைத்து நோக்கினாலன்றி முழுதும் விளங்குவதில்லை. அத்தகையோருள் ஒருவர், பெண்டிர் உட்கொள்ளும் கூட்டுக் கருத்தடை மாத்திரையை ஆக்குவித்தவராகிய கிரெகரி பிங்கஸ் என்பவர். அவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலமென்று கருதி, யாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிங்கஸ் 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாகாணத்து உட்பைன் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர், ருஷிய தேசத்தினின்று வந்த யூதர் உழுதுண்டு வாழும்பொருட்டு அமைந்த குடியிருப்பாகும். அவர் 1924-இல் கார்னெல் சர்வகலாசாலையில் விவசாய சாஸ்திரத்திற் பட்டமும், 1927-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னர் ஹார்வர்டிலேயே ஆசிரியராக அமர்ந்து, முயல்களின் கருமுட்டைகளை உடலுக்குப் புறத்தே கண்ணாடிக் கலத்தில் வைத்து ஆராயலானார். இச்செய்தி பத்திரிகைகளிற் பரவவே, இவர் மனிதரையும் புட்டியில் உண்டாக்கிவிடுவாரோவென்று பலர் அஞ்சினர். சர்வகலாசாலையார் அவருக்கு நிலையான பதவி அளிக்க மறுத்தனர்.

பதவியிழந்து நின்ற அவரை, ஹட்சன் ஹோக்லண்டு என்னும் நண்பர் மாசாசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் சர்வகலாசாலைக்கு அழைத்துக்கொண்டார். 1944-இல் அவ்விருவரும் தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். பொருள் முட்டுப்பாட்டால் ஹோக்லண்டு தாமே புல்வெட்டினார். பிங்கஸ் ஆய்வுக்குரிய விலங்குகளைப் பேணினார். சீன தேசத்தினின்று வந்த சாங் என்னும் விஞ்ஞானி இரவிற் காவலும் புரிந்தார்.

1951-ஆம் ஆண்டில், கருத்தடை இயக்கத்தின் தலைவியாகிய மார்கரெட் சாங்கர் அம்மையார் பிங்கஸைச் சந்தித்து, பெண்டிர் எளிதில் உட்கொள்ளத்தக்க மருந்தொன்று காணவேண்டினார். கருக்கொண்ட பெண்ணின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், மேலும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்படாதபடி தடுக்கின்றது. இவ்வியற்கை முறையையே மருந்தாக்கலாமென்று பிங்கஸ் துணிந்தார். சாங் அதனை முயல்களிற் சோதித்து உறுதிசெய்தார். 1953-இல் காதரின் மக்கார்மிக் என்னும் செல்வச் சீமாட்டியார் பெரும்பொருள் உதவ முன்வந்தார். மெக்ஸிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கினின்று இத்தகைய ஹார்மோன்களை ஆக்கும் வழியும் அதற்குமுன்னரே தெரிந்திருந்தது. ஜான் ராக் என்னும் கத்தோலிக்க மருத்துவர், தம்மிடம் வந்த பெண்களுக்கு இவற்றைக் கொடுத்து ஆராய்ந்தார்.

கூட்டு மாத்திரை என்னும் பெயர் வந்த வகை அறியத்தக்கது. முதலில் ஆக்கிய புரோஜெஸ்டிரோன் வகை மருந்தில், ஈஸ்ட்ரோஜன் என்னும் மற்றொரு ஹார்மோன் சிறிதளவு மாசாகக் கலந்திருந்தது. அதனை நீக்கித் தூய்மை செய்தபோது, பெண்களுக்கு இடையிடையே உதிரப்போக்கு மிகுந்தது. ஆகவே நீக்கிய பொருளை அளவறிந்து மீண்டும் சேர்த்தனர். மாசென்று கருதியதே மருந்தின் ஓர் உறுப்பாயிற்று.

இவ்விரண்டும் சேர்ந்து தொழில்புரியும் முறை பின்வருமாறு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, முட்டையை முதிர்வித்து வெளிப்படுத்துமாறு சூலகத்தைத் தூண்டுவது இயல்பு. மாத்திரையின் ஹார்மோன்கள் இரத்தத்தில் இருக்கும்வரை அத்தூண்டுதல் அடங்கிவிடுகின்றது, முட்டை வெளிப்படுவதில்லை. அன்றியும், கருப்பை வாயிலுள்ள சளி தடித்து ஆணின் விந்தணுக்களைத் தடுக்கின்றது. கருப்பையின் உட்படலமும் மெலிகின்றது. வழக்கமாக 21 நாள் உட்கொண்டு 7 நாள் நிறுத்துவர். அப்பொழுது உதிரம் வெளிப்படும். தவறாது உட்கொள்ளும் பெண்டிர் நூற்றுவருள் ஓராண்டில் ஒருவர்கூடக் கருவுறுதல் அரிது. மறந்து விடுவாரை நோக்கின் அத்தொகை 7 அளவிற்கு உயரும். மிகுந்த உதிரப்போக்கு, மாதவிடாய் வலி, முகப்பரு ஆகியவற்றிற்கும் இது மருந்தாகின்றது. சூலகப் புற்றுநோயும் கருப்பை உட்படலப் புற்றுநோயும் வருதலைக் குறைக்கின்றது.

இனி, அவர் குறையைக் கூறுதும். மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் அந்நாளிற் கருத்தடை சட்டவிரோதமாயிருந்தமையின், 1956-இல் பியூர்ட்டோ ரிக்கோத் தீவின் ஏழைப் பெண்களிடையே பெருஞ்சோதனை தொடங்கப்பெற்றது. தாம் உட்கொள்வது இன்னும் சோதனையிலுள்ள மருந்தென்பது அவருட் பலருக்கு விளங்க உரைக்கப்படவில்லை. சோதனையை நடத்திய ஈடிரிஸ் ரைஸ்-ரே என்னும் மருத்துவப் பெண்மணி, பெண்களில் நூற்றுக்குப் 17 பேர் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி முதலியவற்றால் துன்புறுகின்றனரென்றும், மருந்து கருவைத் தடுப்பினும் பொதுவாக ஏற்கத்தக்கதன்றென்றும் அறிவித்தார். பிங்கஸோ, அத்துன்பங்களிற் பெரும்பாலன மனத்தின் கற்பனையே என்று கொண்டார். 1960-இல் அமெரிக்க அரசாங்கம் ஈனோவிட் என்னும் அம்மாத்திரையைக் கருத்தடைக்கென அங்கீகரித்தது.

மறு ஆண்டே, அம்மருந்தை உட்கொண்ட ஒரு பெண்ணின் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்த செய்தி இங்கிலாந்தில் வெளியாயிற்று. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அபாயத்தை உறுதிசெய்தன. 1970-இல் அமெரிக்க சட்டசபை விசாரணையிற் பெண்கள் எழுந்து கிளர்ச்சி செய்தபின்னரே, மாத்திரையுடன் எச்சரிக்கைத் தாள் வைக்கும் விதி உண்டாயிற்று. முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராமாக இருந்த ஈஸ்ட்ரோஜன், நம் நாட்டு மாலா-என் மாத்திரையில் 30 மைக்ரோகிராமே. இக்காலத்து மாத்திரை உட்கொள்வார் பதினாயிரவருள் ஓராண்டில் 3 முதல் 9 பேருக்கு இரத்தக்கட்டி உண்டாகலாம். உட்கொள்ளாதாருள் அத்தொகை 1 முதல் 5. கர்ப்பவதிகளுள் 5 முதல் 20. ஆயினும் 35 வயது கடந்து புகைபிடிப்போர், இரத்த அழுத்தம் மிக்கோர், முன்னர் இரத்தக்கட்டி அல்லது மார்பகப் புற்றுநோய் கண்டோர், கண்ணில் ஒளிவீச்சுத் தோன்றி ஒற்றைத் தலைவலி வருவோர் ஆகியோர்க்கு இது தகாது. மருத்துவரை வினவாது உட்கொள்ளுதல் எவர்க்கும் நன்றன்று.

பிங்கஸ் 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள், தமது 64-ஆம் வயதிற் பாஸ்டன் நகரில் உயிர்நீத்தார். பதவியிழந்தும் தளராத ஊக்கம் அவரது பெருமை. அதனை நாம் போற்றுவோம். தம் மருந்தை உண்டவரின் முறையீட்டைச் செவிமடுக்காமை அவரது குறை. அதனை நாம் மறவாதிருப்போம். நாளை மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் விளங்கப்போகும் நம் மாணவர், நோயாளி கூறுவதையும் சோதனையின் ஒரு பகுதியாகவே கொள்வாராயின், இச்சரிதை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.