எம்.எல். பிள்ளை



சுங்கை புரோங் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையை வக்கீலாக்கிப் பார்க்க ஆசைப்படாத தாய் தகப்பன் குறைவு. ஆனால் வக்கீலுக்குப் படித்து முடித்த பிள்ளை, இன்னும் மேலே படிக்கப் போறேன் என்றால் மட்டும் வீட்டில் முகம் வாடிவிடும். டிகிரி வாங்கியாச்சு, இனி சம்பாதிக்க வேண்டியதுதானே என்போம். அப்படிக் கேட்கிற நமக்குத் தெரிய வேண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார்.

திருநெல்வேலியில் 1888ஆம் ஆண்டு பிறந்த கா. சுப்பிரமணிய பிள்ளைதான் அவர். கா.சு. பிள்ளை என்றால் தமிழறிந்தோர் அறிவார்கள். ஆங்கிலத்திலும் தமிழிலுமாக இரண்டு எம்.ஏ. பட்டங்கள் பெற்றவர். சட்டம் படித்து பி.எல். தேறினார். அந்தக் காலத்தில் பி.எல். போதும், கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம், கை நிறையச் சம்பாதிக்கலாம். அவரோ அதற்கும் மேலான எம்.எல். பட்டத்தையும் பெற்றார். அன்று அதைப் பெற்ற தமிழர் மிகச் சிலரே. மக்கள் அந்தப் பட்டத்தையே பெயராக்கி எம்.எல். பிள்ளை என்று அழைத்தார்கள்.

இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். திருட்டு வழக்கு ஒன்று வருகிறது. எந்தச் சட்டம், என்ன தண்டனை என்று தெரிந்தால் வழக்கை நடத்திவிடலாம். மேலே படிக்கிறவர் ஒரு துறையை எடுத்து அடிவேர் வரை தோண்டுகிறார். அந்தச் சட்டம் ஏன் வந்தது? மற்ற நாடுகளில் எப்படி? தண்டித்தால் திருட்டு குறைகிறதா? நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் சட்டப் படிப்பு தொடங்கியது. அங்கே எல்.எல்.பி.க்கு மேல் எல்.எல்.எம். என்று இருக்கிறதே, அன்றைய எம்.எல். அதுபோன்றதுதான்.

கா.சு. அப்படித் தோண்டிய துறை குற்றவியல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாகூர் சட்டச் சொற்பொழிவு என்று ஒன்று உண்டு. (கவி தாகூர் பெயரால் அல்ல, பிரசன்னகுமார் தாகூர் என்ற சட்ட அறிஞர் விட்டுச்சென்ற பொருளால் ஏற்பட்டது.) இந்தியாவில் சட்டம் கற்றவர்களுக்கு அது பெரிய மரியாதை. 1920இல் அது நம் நெல்லைக்காரருக்குக் கிடைத்தது. குற்றவியலின் அடிப்படைகளைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தன. லயத்துப் பையன் ஒருவன் கெட்ட சகவாசத்தில் மாட்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது, ஏன் இப்படி ஆனான் என்று அழுகிறோம் அல்லவா? அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கே ஒரு படிப்பு இருக்கிறது.

சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பணம்தான் பெரிதென்றால் கோர்ட்டை விட்டு வகுப்பறைக்கு வந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். மனமெல்லாம் தமிழிலும் சைவத்திலும் இருந்தது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை விரிவாகத் தமிழிலேயே எழுதினார். எந்தப் புலவர் எந்தக் காலம் என்று வழக்கை விசாரிப்பதுபோல் சான்று தேட, சட்டப் படிப்பு அவருக்குக் கை கொடுத்திருக்கும். பல்கலைப்புலவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றியது.

1945இல் மறைந்தார். அவருடைய இலக்கிய வரலாற்றைப் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு, அவர் குற்றவியல் நூல் எழுதியவர் என்பது தெரியாது.