மேடைக்கு உடை தந்த மேதை ருக்மிணி தேவி



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் டெய்லர். நான் பாலிடெக்னிக்கில் ஆடைத் தொழில்நுட்பப் பிரிவை எடுத்தபோது சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. தைக்கிறதுக்கு எதுக்கு மூணு வருஷப் படிப்பு, உங்க அம்மா படிச்சுட்டா தைக்கிறாங்க என்று மாமா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வேறு விழுந்தது. படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய ஒருவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

பாடம் தந்த கேள்வி

பேட்டர்ன் வகுப்பில் ஒரு நாள் லியோடார்ட் வரையச் சொன்னார்கள். ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் உடம்போடு ஒட்டினாற்போல் போடுகிறார்களே, அதுதான். 1859-இல் பாரிஸ் சர்க்கஸில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பறந்து காட்டிய ழூல் லெயோதார் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரின் பெயர்தான் அந்த உடைக்கு வந்தது. தொளதொள சட்டை ஊஞ்சல் கயிற்றில் சிக்கினால் உயிர் போய்விடும். அதனால் உடம்பை ஒட்டிய ஒரே துண்டு உடையில் அவர் பறந்தார். 1870-இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். உடை மட்டும் சர்க்கஸிலிருந்து பாலே வகுப்புக்குப் போய், 1980-களில் ஏரோபிக்ஸ் மோகத்தோடு தெருவுக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் குவித்து வைத்து விற்கிற லெக்கிங்ஸ் அதற்கு ஒருவகையில் தங்கச்சி முறைதான்!

அன்று இரவு வீட்டில் அம்மா பரதநாட்டிய உடை தைத்துக்கொண்டிருந்தார். சேலையூர்ப் பக்கம் டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த பிரெஞ்சுக்காரர் கதையைச் சொன்னேன். சரி, இந்த உடையை யார் கண்டுபிடிச்சாங்க என்று அம்மா திருப்பிக் கேட்டார். கோயில் சிற்பக் காலத்திலிருந்தே வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், இப்படித் தைத்துப் போடும் உடைக்கு நூறு வயதுகூட ஆகவில்லை! அதற்குப் பின்னால் இருந்தவர், நம்ம தென்சென்னையில், திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல்.

பொறியாளரின் மகள்

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர் (சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க!). அம்மா சேஷம்மாள். அப்பாவுக்குப் பிரம்மஞான சபையில் ஈடுபாடு. ஓய்வுக்குப் பின் சபை இருக்கும் அடையாறுக்கே குடும்பத்தோடு வந்துவிட்டார்.

அங்கே ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரை ருக்மிணி சந்தித்தார். 1920-இல் திருமணம். மணப்பெண்ணுக்குப் பதினாறு வயது, மாப்பிள்ளை இருபத்தைந்து வயது மூத்தவர், அதுவும் வெள்ளைக்காரர். சென்னை நகரமே கொதித்தது. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவரிடம் அப்போதே போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவருக்கு அந்தத் துணிச்சல் நிறையவே தேவைப்பட்டது.

கப்பலில் கிடைத்த திருப்பம்

ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா 1928-இல் பம்பாய் வந்தபோது ருக்மிணி அவருடைய ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் சேர்ந்தே பயணம் செய்தார்கள். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றுக்கொண்டார். ஆனால் உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று வழிகாட்டியவரும் அந்தப் பாவ்லோவாதான்.

நம் நாட்டு நடனம் அன்றைக்குச் சதிர் என்ற பெயரில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை ஊர் இழிவாகப் பேசியது. 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் கச்சேரி பார்த்த ருக்மிணி அதைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் துணை நின்றார். 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடை ஏறியபோது ருக்மிணிக்கு வயது முப்பத்தொன்று! இரண்டு அரியருக்கே ஒடிந்துபோன நான் இதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டேன்.

அடுத்த வாரமே, 1936 ஜனவரி 6 அன்று கலாக்ஷேத்திரா பிறந்தது.

கத்தரியும் கலையும்

இனி நம்ம டிபார்ட்மெண்ட் விஷயத்துக்கு வருவோம். பழைய சதிர் போட்டோக்களைப் பாருங்கள். பைஜாமா மாதிரி ஒன்றைப் போட்டு, அதன்மேல் கனமான ஜரிகைப் புடவையைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அரைமண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் விரிகிற கோணம் அந்தத் துணிக்குள் மறைந்துபோகும்.

ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்து யோசித்தார். மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணி தையலுக்கு உதவினார். உடை தனித்தனித் துண்டுகளாகத் தைத்துப் போடுவதாக மாறியது. இன்று அம்மா தைப்பதும் அதே வழியில்தான். ஒரு பட்டுப் புடவையை வெட்டினால் பைஜாமா, ரவிக்கை, மேலாக்கு, இடுப்புத் துண்டு, முன்பக்க விசிறி எல்லாம் வந்துவிடும். முந்தானை பெரும்பாலும் விசிறிக்குப் போகும். கரை எங்கே வரவேண்டும் என்று பார்த்துத்தான் கத்தரி வைக்கணும், தப்பினால் புடவையே பாழ்.

விசிறியில்தான் சூட்சுமம். நின்றால் மடிப்பு மூடியிருக்கும். அரைமண்டியில் உட்கார்ந்தால் விரியும். லியோடார்டுக்கு இழுபடும் துணி வேண்டும். 1958-இல் டுபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ஸ்பாண்டெக்ஸ் இழை வந்தபிறகு அது நன்றாகவே இழுபட்டது. நம்ம பட்டு இழுபடாது. அதனால் இழுவைக்குப் பதில் மடிப்பு. ஆடுகிறவரின் கால் சிக்கக்கூடாது, உடல் அமைக்கும் கோணம் தெரியணும் என்ற ஒரே கணக்கை அந்தச் சர்க்கஸ்காரர் ஒரு வழியில் போட்டார், ருக்மிணி தேவி இன்னொரு வழியில் போட்டார்.

உடையோடு அவர் நிற்கவில்லை. ஆடுபவருக்குப் பின்னாலேயே நடந்து வாசித்த பக்கவாத்தியக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். ஒளி அமைப்பிலும் கவனம் செலுத்தினார். 1937-இல் நெசவுக் கூடம் தொடங்கினார். அகலக் கரையும் எடுப்பான நிறமும் கொண்ட பழைய காஞ்சிபுர வகைகள் அங்கே மீண்டும் தறி ஏறின. கலாக்ஷேத்திரா புடவை என்று ஒரு ரகமே உருவாகி, மேடையிலிருந்து கல்யாண வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுபக்கம்

ஒருவரைப் போற்றும்போது மறுபக்கத்தை மறைப்பது சரியில்லை. சிருங்காரத்தை அவர் குறைத்ததை, பரம்பரைக் கலைஞரான பாலசரஸ்வதி ஏற்கவில்லை. 1947-இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது. நடனம் மேல்வீட்டுப் பிள்ளைகள் கற்கும் மதிப்புள்ள கலையானது. ஆனால் அதைக் காத்துத் தந்த பல குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்தார்கள். ருக்மிணி தேவிக்கே சொல்லிக்கொடுத்தவர் அந்தக் குலத்துக் கௌரி அம்மாள்தானே! கலைக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பதவியும் பண்பும்

1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடினார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்ததற்கு அவரும் முக்கியக் காரணம். 1956-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். அவர் வேண்டாம் என்றுவிட்டார்! 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். 1993-இல் கலாக்ஷேத்திரா நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

மாமாவுக்குப் பதில்

போன டிசம்பரில் அம்மாவைத் திருவான்மியூருக்கு அழைத்துப் போனேன். பல வருஷமாக நாட்டிய உடை தைக்கிற அம்மா, அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு முழு நடன நிகழ்ச்சியைப் பார்த்தார். நான் ஆட்டத்தைப் பார்த்தேன், அம்மா விசிறியைப் பார்த்தார். மடிப்பு விரிந்து மூடும் ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்து அழுத்தினார். திரும்பும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, மலரில் எழுதும்போது அந்த இத்தாலிக்கார டெய்லரம்மா பெயரையும் மறக்காமல் போடச் சொன்னார். தைத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் மேடம் கஸான் பெயரை இங்கே இரண்டாம் முறையாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. எப்படித் தைப்பது என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏன் இப்படி வெட்டினார்கள், வேறு எப்படி வெட்டலாம் என்று கேட்கத்தான் நான் படிக்கிறேன். அரியர் இரண்டில் ஒன்றை முடித்துவிட்டேன். இன்னொன்றும் முடியும்.

நண்பர்களே! லேத் ஓட்டினாலும், சர்க்யூட் போட்டாலும், துணி வெட்டினாலும் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். நமக்கு முன்னால் அதைச் செய்த கைகளையும் மறக்காமல் இருப்போம்.



— இரண்டாம் ஆண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு