பிர்க்கே பெருமகனார்

மார்கழித் திங்களின் இறுதியில், போகிப் பண்டிகைக்கு முன்னர், நம் திருப்பாதிரிப்புலியூரில் வீடுதோறும் ஒட்டடை அடித்துத் தூசி தட்டுதல் வழக்கம். பரணிற் கிடந்த பாயும் தலையணையும் அன்று கீழே இறங்கும். அப்பொழுது அவ்வீட்டில் ஒருவருக்கு ஒரு தீங்கும் நேராது. மற்றொருவர் இடைவிடாது தும்மிக் கண் சிவப்பர். வேறொரு சிறுவனோ இளைப்பு மேலிட்டு இரவெல்லாம் உறங்காது உட்கார்ந்திருப்பன். வீடும் ஒன்று, தூசியும் ஒன்று. உடல்கள் மட்டும் வேறுபடுவது எதனால்? இவ்வினாவிற்கு விடைகாண வழிவகுத்தவரும், நாம் ஒவ்வாமை என்று வழங்கும் தன்மைக்கு அலர்ஜி என்னும் பெயரை முதன்முதலில் இட்டவருமாகிய ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பார் 1874-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்டெட்டென் என்னும் ஊரில் பிரபுக் குடியிற் பிறந்தனர். முதலில் இன்ஸ்ப்ருக் நகரில் சமயநூலும், பின்னர் லூவேன் நகரில் தத்துவநூலும் கற்றனர். அவற்றோடு அமையாத உள்ளம் மருத்துவத்தை நாடிற்று. 1900-ஆம் ஆண்டில் கிராட்ஸ் நகரில் மருத்துவப் பட்டம் பெற்று, வியன்னாவின் குழந்தை மருத்துவ நிலையத்தில் எஷெரிக் என்னும் பேராசிரியரின்கீழ்ப் பணிபுரியலாயினர்.

அந்நாளில் தொண்டை அடைப்பான் நோயால் மடியும் குழந்தைகள் பலர். அந்நோயின் நஞ்சை முறிக்கும் பொருட்டுக் குதிரையின் குருதியினின்று எடுத்த சீரத்தை ஊசிவழியே செலுத்துவர். உயிர் காத்த அம்மருந்தே சில குழந்தைகட்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலையும் தடிப்பையும் வீக்கத்தையும் விளைத்தது. மறுமுறை ஊசி இட்டபொழுது அத்துன்பம் விரைந்தும் மிகுந்தும் தோன்றிற்று. பிர்க்கே தம் தோழர் பேலா ஷிக் என்பாருடன் இதனை நுணுகி ஆராய்ந்து, 1905-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். குற்றம் மருந்தின்பால் மட்டும் இல்லை. வந்த பொருளை எதிர்க்கும் உடலின் செயலே நோயாகவும் மாறுகின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை. வேறு, செயல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1906-ஆம் ஆண்டில் அலர்ஜி என்னும் சொல்லைப் பிர்க்கே ஆக்கினர். காவலனே சிலவேளை வீட்டாரைத் தாக்குவான் என்னும் இக்கருத்தை அந்நாளைய அறிஞர் சிலர் எளிதில் ஏற்றிலர்.

1907-ஆம் ஆண்டில், தோலைச் சிறிது கீறி மருந்துத்துளி இட்டு, க்ஷயநோய்க் கிருமி உடலிற் புகுந்துளதா என்று அறியும் முறையையும் இவர் வகுத்தனர். 1909-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு பிரெஸ்லௌ நகரிலும் ஆசிரியராயிருந்து, 1911-ல் வியன்னாவிற்கே மீண்டு, தம் ஆசான் வகித்த தலைமையை ஏற்றனர்.

முதல் உலகப்போர் முடிந்தபின் ஆஸ்திரியாவிற் பஞ்சம் பரவிற்று. அமெரிக்கர் அனுப்பிய உணவைக் குழந்தைகட்குப் பகிரும் பெரும்பணி இவர் கைக்கு வந்தது. பாலை அளவுகோலாகக் கொண்டு, உட்கார்ந்த உயரத்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் உணவைக் கணித்து, இலட்சக்கணக்கான சிறார்க்கு ஊட்டுவித்தனர்.

இத்துணைப் பிள்ளைகளின் துயர் துடைத்தவர் தம் உள்ளத்துயரைத் துடைக்க இயலாராயினர். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தம் மனைவியாருடன் தாமே உயிர் துறந்தனர். பிறர்க்கு ஆறுதல் தருவார்க்கும் ஆறுதல் வேண்டும் என்பதை இம்முடிவு நம் நெஞ்சில் ஆழப் பதிக்கின்றது.

அவர் காட்டிய நெறியிற் சென்றோர் பின்னரும் பலவற்றைக் கண்டனர். வீட்டுத் தூசியில் ஒவ்வாமை விளைக்கும் முதன்மைப் பொருள் ஒரு சிற்றுயிரினின்றே வருகின்றது என்பதை, 1964-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்து ஆய்வாளர் வெளியிட்டனர். எட்டுக் கால்களை உடையதும், மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கேயானதும், சிலந்திக்கு உறவானதும் ஆகிய அத்தூசிப்பூச்சி, நம் உடலினின்று உதிரும் தோற்செதில்களை உண்டு மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அது கடிப்பதில்லை, அதன் கழிவே மூச்சிற் கலந்து துன்புறுத்தும். காற்றின் ஈரமே அதற்கு நீர். ஆதலின் கடலும் கெடிலமும் அணித்தாயுள்ள நம் ஊர் அதற்கு ஏற்ற இடமே.

இதற்கு ஆண்டுக்கு ஒரு போகி போதாது. தலையணை உறைகளை வாரந்தோறும் கொதிநீரில் அலசுதலும், படுக்கையை நல்ல வெயிலிற் காயவைத்தலும், தரையை ஈரத்துணியால் துடைத்தலும் நலம். இளைப்புடையாரைத் தூசி தட்டும் இடத்தினின்று விலக்கி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடன். ஒருவர் தும்மலையும் இளைப்பையும் பாசாங்கென்று நகையாடுதல் தகாது. ஒருவர்க்கு ஒன்றும் செய்யாதது மற்றொருவரை வருத்தும் என்பதன்றோ பிர்க்கே பெருமகனார் நமக்கு உணர்த்திய பாடம்!