மனத் தோட்டத்திற்கு நீர் இறைத்த மங்கை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

மனம் ஒரு குரங்கு என்பர் நம் நாட்டார். நில் என்றால் நில்லாது. உட்கார் என்றால் உட்காராது. தேர்வுக்கு முதல் நாள் இரவு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்த மாணவர் எவரும் இவ்வுண்மையை நன்கறிவர். இந்தக் குரங்கை வசப்படுத்தும் வழியை அருளாளர் பலர் சொல்லிச் சென்றுள்ளனர். ஆனால், தம் மனமே தமக்கு வசப்படாமல் பல்லாண்டு அலைந்த கதையை மறைக்காமல் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஸ்பெயின் நாட்டு அவிலா நகர்த் தெரேசா அம்மையார்.

தெரேசா என்றதும் கல்கத்தாவின் அன்னை தெரேசாவே நம் நினைவுக்கு வருவார். அவர் தம் துறவுப் பெயரைப் பெற்றது பிரான்சு நாட்டு லிசியே நகர்த் தெரேசாவிடமிருந்து. அந்த லிசியே தெரேசா சேர்ந்ததோ, அவிலா தெரேசா சீர்திருத்திய கார்மேல் சபையில். எனவே, பெயரின் மூலத்தைத் தேடிச் சென்றாலும் நாம் வந்து நிற்பது இந்த அம்மையாரின் வாசலில்தான்.

பிறப்பும் இளமையும்

கோட்டை மதில் சூழ்ந்த அவிலா நகரில் 1515-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்ரிசு. செல்வக் குடும்பமே எனினும் அதன் அடியில் ஓர் அச்சம் உறைந்திருந்தது. தந்தைவழிப் பாட்டனார் யூத மரபிலிருந்து கிறித்தவத்திற்கு வந்தவர். பழைய சமய வழக்கங்களுக்குத் திரும்பினார் என்ற குற்றத்திற்காக, 1485-இல் தொலேதோ நகரில் சமய விசாரணை மன்றத்தார் அவரை ஊரறியத் தண்டித்தனர். அதன்பின் குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது. கலப்பற்ற பழங்கிறித்தவர் யார், புதிதாக வந்தவர் யார் என்று இரத்தத்தை வைத்து மனிதரை அளந்த காலம் அது. பிறப்பை வைத்து மதிப்பிடும் கொடுமையை நம் நாட்டில் கண்டறிந்த நமக்கு அதன் வலி விளங்காமற் போகாது.

தெரேசா சிறுமியாய் இருந்தபோதே தமையன் ரொத்ரிகோவுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மூர்களின் நாட்டுக்குச் சென்று சமயத்திற்காக உயிர் துறந்தால் விரைவில் விண்ணுலகம் எய்தலாம் என்பது அப்பிள்ளைகளின் கணக்கு. உறவினர் கண்டு பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தனர். இளமையில் தாயை இழந்தார். வீரதீரக் காதற்கதைகளை விரும்பிப் படித்தார். அழகிய ஆடைகளில் ஆசை கொண்டார். பிறவியிலேயே உலகைத் துறந்தவர் அல்லர் அவர். நம்மைப் போன்ற மனிதரே.

1535-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், தந்தையின் விருப்பத்திற்கு மாறாக, அவிலாவின் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. இன்று நம்மில் பலருக்கு உள்ள அதே வயது!

நோயும் நூலும்

மடத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில் கடும் நோய் அவரைப் பற்றியது. மருத்துவத்திற்காக வெளியூர் செல்லும் வழியில் சிற்றப்பா ஒருவர் ஒரு நூலைத் தந்தார். பிரான்சிசு சபைத் துறவியான ஒசூனா எழுதிய அந்நூல், 1527-இல் வெளிவந்தது. புலன்களை உள்ளே திருப்பி, உள்ளத்தில் உறையும் இறைவனோடு அமைதியில் இருக்கும் முறையை அது கற்பித்தது. வாயால் சொல்லும் செபத்திற்கு அப்பால் மனத்தால் செய்யும் செபம் ஒன்று உண்டு என்ற உண்மை தெரேசாவுக்குப் புதையலாயிற்று. வழிகாட்ட ஆசிரியர் இல்லை. நூலே ஆசிரியர் ஆயிற்று.

ஊர் வைத்தியம் நோயைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டியது. 1539 ஆகஸ்டில் ஏறத்தாழ நான்கு நாள் உணர்வற்றுக் கிடந்தார். இறந்தார் என்றே எண்ணி மடத்தில் குழியும் வெட்டி வைத்தனர். கண் விழித்தபோது இமைகளின் மேல் மெழுகுவர்த்தியின் மெழுகு படிந்திருந்ததாம். உயிர் மீண்டது, உடல் மீளவில்லை. மூன்றாண்டுக் காலம் முடங்கிக் கிடந்தார். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழத் தொடங்கிய நாளே அவருக்குத் திருநாளாயிற்று.

பதினெட்டு ஆண்டுப் பாலை

உடல் தேறியபின் வந்தது வேறொரு சோதனை. அக்காலத்தார் கற்பித்த தியான முறை இதுவாகும்: இயேசுவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ள வேண்டும், அதை அகக்கண் முன் காட்சியாக நிறுத்த வேண்டும், அதன் பொருளை அறிவால் ஆராய வேண்டும், ஆராய்ந்ததால் நெஞ்சில் அன்பு எழ வேண்டும், அவ்வன்பு ஒரு நல்ல தீர்மானமாக முடிய வேண்டும். சீரான முறைதான். ஆனால் தெரேசாவுக்கு முதற்படியிலேயே கால் வழுக்கியது. காட்சியைக் கற்பனை செய்யும் ஆற்றல் தமக்கு அறவே இல்லை என்கிறார் அவர். இருட்டில் ஒருவர் அருகில் இருப்பதைக் கண்ணற்றவர் உணர்வது போலத்தான் இறைவன் அருகிருப்பதை அவரால் உணர முடிந்தது. உருவத்தைக் காண முடியவில்லை.

கையில் ஒரு நூல் இல்லாமல் அவர் செபத்தில் அமர்ந்ததில்லை. நூல் இருந்தால் மனம் ஒருவாறு அடங்கும். பல வேளை அதைத் திறக்கக்கூடத் தேவை இராது. நூல் இல்லையெனில் சிந்தனைகள் சிதறி ஓடும். செபத்திற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த நாள்கள் உண்டு என்று பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். கல்லூரி மணியை எதிர்நோக்கும் நம் நிலையை நினைத்துச் சிரிப்பு வருகிறதன்றோ? அவருக்கோ அது சிரிப்புக்குரியதாய் இல்லை. இந்நிலை ஓராண்டு ஈராண்டு அன்று, பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

இடையே ஓராண்டுக்கு மேல் மனச்செபத்தை அவர் அடியோடு விட்டதும் உண்டு. தோழியரோடு வெட்டிப் பேச்சில் பொழுது போக்கும் தமக்கு இறைவனோடு தனித்திருக்கத் தகுதி இல்லை என்று கருதினார். அதைப் பணிவு என்றும் எண்ணிக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், தம் தந்தைக்கு அச்செபத்தைக் கற்பித்தவரே அவர்தாம். மகள் விட்டுவிட்டார், தந்தை விடவில்லை. 1543-இல் தந்தை இறந்தபின், அவருக்கு ஆன்ம குருவாய் இருந்த தொமினிக்கு சபைத் துறவி ஒருவர் தெரேசாவை மீண்டும் தொடங்கச் சொன்னார். தொடங்கினார், அதன்பின் ஒருபோதும் விடவில்லை. தகுதி வந்தபின் செபிப்போம் என்று காத்திருப்பது, நோய் தீர்ந்தபின் மருந்துண்போம் என்பதற்கு ஒப்பாகும் என்பதே இந்நிகழ்ச்சி நமக்குத் தரும் பாடம்.

1554-ஆம் ஆண்டில், 39-ஆம் வயதில், காயங்கள் நிறைந்த கிறித்துவின் சிலையொன்றின் முன் அவர் நெஞ்சம் உடைந்து அழுதார். அதே காலத்தில் புனித அகுஸ்தீனாரின் தன்வரலாறும் அவர் கைக்குக் கிட்டியது. பாலையில் நீர் சுரக்கத் தொடங்கியது.

நால்வகை நீர்ப்பாசனம்

தாம் பட்ட பாட்டைப் பிறர் படலாகாது என்பதற்காகவே அம்மையார் எழுதினார் எனலாம். 1560-களில் எழுதிய தன்வரலாற்றில் அவர் காட்டும் உவமை ஒன்று உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். மனம் ஒரு தோட்டம். களைகளைக் களைந்து செடிகளை நட்டவர் இறைவன். நீர் பாய்ச்சுவது நம் கடமை. நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உள. கிணற்றிலிருந்து வாளியால் சேந்தி ஊற்றுவது ஒன்று. இராட்டினமும் வாளிகளும் கொண்ட சக்கரத்தைச் சுற்றி இறைப்பது இரண்டாவது. ஆற்று நீரையோ ஓடை நீரையோ திருப்பி விடுவது மூன்றாவது. வானமே மழையாய்ப் பொழிவது நான்காவது. முதல் வழியில் உழைப்பு மிகுதி, நீர் குறைவு. போகப்போக உழைப்புக் குறையும், நீர் பெருகும். மழைக்கு மனித உழைப்பே இல்லை. அது முற்றிலும் அருள்.

தொடக்கநிலையினர் கிணற்றில் சேந்துவோர். சில நாள் கிணறு வறண்டிருக்கும். வாளி வெறுமையாய் மேலே வரும். அப்போது என் செய்வது? தோட்டம் தமதன்று, இறைவனுடையது என்று எண்ணி, சேந்தும் கையை நிறுத்தாதிருப்பதே தொழிலாளியின் கடமை என்கிறார் அம்மையார். எங்கள் பாட்டனார் காலத்தில் விடியுமுன் கமலை கட்டி இறைத்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். நீர் மட்டம் இறங்கிய கோடையிலும் மாடு பூட்டாமல் இருந்ததில்லை என்பார்கள். அவ்வுழைப்பின் பொருள் இவ்வுவமையைப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாயிற்று.

தொடங்குவோர்க்குச் சொன்ன வழி

அம்மையாரின் அறிவுரைகளைத் தொகுத்தால் சில எளிய விதிகள் கிடைக்கும். முதலாவது, உறுதி. என்ன நேர்ந்தாலும், பிறர் நகைத்தாலும், பாதியில் திரும்புவதில்லை என்ற துணிவே முதற்படி. இரண்டாவது, அருகில் ஒருவர் இருப்பதாக உணர்தல். மனச்செபம் என்பது நம்மை நேசிப்பவர் என்று நாம் அறிந்த நண்பரோடு தனித்து உரையாடுவதே அன்றி, ஆராய்ச்சி அன்று. மூன்றாவது, பிடித்துக்கொள்ள ஓர் ஊன்றுகோல். நல்ல நூலோ, படமோ, மலரோ, நீரோ, எதுவாயினும் ஆகலாம். இறைவனின் படமொன்றைக் கையில் வைத்திருப்பதும் நன்றே. நான்காவது, மெதுவாய்ச் சொல்லுதல். நீண்ட தியானம் கைகூடாதவர், இயேசு கற்பித்த செபத்தை யாரிடம் பேசுகிறோம் என்று உணர்ந்து நிதானமாய்ச் சொன்னாலே போதும்; வாய்ச்செபம் மனச்செபமாய் மாறும்.

ஐந்தாவது விதி நம்மைப் போன்றோர்க்கு மிகவும் ஆறுதல் தருவது: அலையும் மனத்தோடு மல்லுக்கு நிற்காதீர். மாவரைக்கும் ஆலையில் கடகட ஓசை ஓயாது. ஓசை அடங்கட்டும் என்று காத்திருந்தால் மாவு அரைபடாது. ஓசை ஒரு பக்கம் இருக்கட்டும், நாம் அரைப்போம் என்கிறார். ஆறாவது, உடலையும் மதித்தல். நோயாலோ பருவ மாற்றத்தாலோ மனம் சோர்ந்தால் வற்புறுத்த வேண்டா. காற்றாட வெளியே செல்லலாம், நற்செயல் செய்யலாம். இறுதியாக, செபம் நன்றாய் இருந்ததா என்பதைக் கண்ணீராலும் இன்பத்தாலும் அளக்கலாகாது. பிறரிடம் அன்பும் பணிவும் கூடியதா என்பதே அளவுகோல்.

தடைகளும் வெற்றியும்

இவற்றைச் சொல்ல அம்மையார் பட்ட துன்பம் சிறிதன்று. பெண்கள் மனச்செபம் செய்வது ஆபத்து, அவர்களுக்கு நூற்பும் வாய்ச்செபமும் போதும் என்று கருதிய கற்றோர் அக்காலத்தில் பலர். 1559-இல் சமய விசாரணை மன்றம் தாய்மொழியில் இருந்த ஆன்மிக நூல்கள் பலவற்றைத் தடை செய்தது. இலத்தீன் கற்றவர் இலத்தீனில் படித்துக்கொள்ளலாம். இலத்தீன் அறியாத தெரேசாவும் அவர்போன்ற பெண்களும் என் செய்வர்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதல் மிதித்தவன் என்ற முறையில் இச்செய்தி என் நெஞ்சைத் தைத்தது. நூலைப் பறிப்பது என்பது, ஏணியில் ஏறத் தொடங்கியவனின் கால் அடியிலிருந்து ஏணியை எடுப்பதன்றோ? அம்மையாரும் மிக வருந்தினார். ஆனால் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. தாய்மொழியில் தாமே நூல் எழுதினார். தம் மடத்துச் சகோதரியர்க்காகவே நிறைவின் வழி என்னும் நூல் பிறந்தது.

1562 ஆகஸ்டு 24-இல், நான்கு பெண்களோடு, அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். அவர் முன்பிருந்த மடத்தில் 150-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். செல்வர் மகளிர்க்குத் தனி அறைகள், ஏழையர்க்குப் பொதுக் கூடம். புதிய மடத்திலோ பட்டப்பெயர்களுக்கு இடமில்லை. குலப் பெருமைக்கும் இடமில்லை. சிலரே சேர்ந்து, கைத்தொழில் செய்து எளிமையாய் வாழ்ந்தனர். நாள்தோறும் காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியும் மனச்செபம். நகரத்தார் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். மடம் நிலைத்தது. 1567 முதல் குலுங்கும் வண்டிகளில் வெயிலிலும் மழையிலும் பயணம் செய்து மேலும் மடங்களை நிறுவினார். அவர் காலத்தில் எழுந்த பெண்கள் மடங்கள் 17. ஆண்களிடையே அச்சீர்திருத்தத்தைத் தொடங்கத் துணை நின்றவர் சிலுவை அருளப்பர்.

தன்வரலாற்று நூல் சமய விசாரணை மன்றத்தின் கையில் சிக்கியிருந்த காலத்தில், 1577 சூன் 2 முதல் நவம்பர் 29 வரையில், உள்ளக் கோட்டை என்னும் நூலை எழுதி முடித்தார். ஆன்மா ஒரு பளிங்குக் கோட்டை, அதில் ஏழு மாளிகைகள், நடுவில் அரசர் வீற்றிருக்கிறார், செபமே நுழைவாயில். கோட்டைக்கு உரியவரே உள்ளே நுழையாமல் புறத்தே காவலரோடு காலங்கழிக்கும் அவலத்தை அதில் எடுத்துக்காட்டினார். தலைக்குள் ஓயாத இரைச்சல் கேட்க, நோயோடு எழுதப்பெற்ற நூல் அது. அவருடைய நூல்களின் தொகுப்பு 1588-இல் லூயிசு தெ லியோன் என்னும் அறிஞரின் முயற்சியால் அச்சேறியது.

1582 அக்டோபர் 4-ஆம் நாள் இரவு ஆல்பா தெ தோர்மெசு என்னும் ஊரில் அம்மையார் உயிர் நீத்தார். நாள்காட்டி திருத்தப்பட்ட ஆண்டு அது. ஆதலின் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. இன்றும் அந்நாளே அவர்தம் திருநாள். 1622-இல் புனிதர் பட்டம் பெற்றார். 1970 செப்டம்பர் 27-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அதுவரை அப்பட்டம் பெற்றோர் அனைவரும் ஆண்களே. இலத்தீன் அறியாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண், கற்றோர்க்கெல்லாம் ஆசிரியரானார்!

நண்பர்களே, நம் சமயம் எதுவாயினும், நாம் அமரும் இடம் கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், வீட்டின் ஒரு மூலையாயினும், அம்மையார் வாழ்வு நமக்குக் கூறுவது ஒன்றே. மனம் அடங்கியபின் தொடங்குவோம் என்பவர் என்றும் தொடங்கார். வெறும் வாளி மேலே வந்தாலும் கயிற்றைக் கைவிடாதவரே நீர் காண்பர். பதினெட்டு ஆண்டு சேந்தியவர்க்கு மழை பெய்தது. நாம் பதினெட்டு நாளாவது சேந்திப் பார்ப்போமே!