சங்கரதாஸ் சுவாமிகளும் நாடகக் கல்வியின் ஊதியமும்

கல்லூரியிற் சேரும் மாணவன் தான் பயில விரும்பும் துறையைக் கூறியவுடன், பெற்றோர் முதற்கண் வினவுவது அத்துறையால் வரும் ஊதியம் யாது என்பதே. இவ்வினாவை இழிவென்று கருதுவார் உளர்; நாம் அங்ஙனம் கருதிலேம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரைக் கடந்து வருவது வாலிகண்டபுரம். அத்தகைய ஊர்களில் மானாவாரி விளைவை நம்பி வாழும் குடும்பமொன்று தன் மகனைக் கல்லூரிக்கு அனுப்புங்கால், செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வெயிலில் உழைத்துச் சேர்த்ததாகும். அவ்வூரின் பெயரே கதையோடு இயைந்தது. வாலி இறைவனைக் கண்டு வழிபட்ட தலம் என்பது அங்குள்ள வாலீசுவரர் கோயிலைப் பற்றிய மரபு. இத்தகைய கதைகளை மேடையிற் கண்டு விடியுமளவும் கண் விழிக்கும் மக்களும், தம் பிள்ளை நாடகத்தையே பட்டத்திற்குரிய பாடமாகக் கொள்ள விழைந்தால் திகைப்பர். அத்திகைப்பைத் தெளிவிக்க ஏற்ற உரைகல்லாகத் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் வல்லவர், தாயார் பேச்சியம்மாள். தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்ற இவர், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அடுத்துச் செய்யுளும் இலக்கணமும் கற்றார். கற்றபின் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக அமர்ந்தார். மாதந்தோறும் தவறாது சம்பளம் வரும் உத்தியோகம். குடும்பத்தின் பெயரோடும் பொருந்திய தொழில். ஆயினும் தமது 24ஆம் வயதில் அதனைத் துறந்து நாடகத் துறை புகுந்தார்.

அந்நாளில் அச்செயல் எத்தகையதென்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். கூத்தாடுவோரை ஊரார் கண்டு மகிழ்ந்தனரேயன்றி மதித்தாரல்லர். சுவாமிகள் நாடகம் புகுந்த அதே காலத்தில், 1891ஆம் ஆண்டு, சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். முதலியார் பட்டம் பெற்றவர். பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். அவர் சபையினர் பகலில் உத்தியோகம் பார்த்து, மாலையில் ஊதியம் கருதாது நடித்தனர். ஆதலின் நாடகத்தில் நட்டம் வரினும் அவர்கள் அடுப்பு அணைவதில்லை. சுவாமிகளுக்கோ நாடகமே உழவு; நாடகமே விளைவு.

சாமி நாயுடு, கல்யாணராமையர் முதலியோர் குழுக்களில் இவர் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களைப் பூண்டார். இவருடைய வேடத்தின் கொடுமை கண்டு அஞ்சிய மகளிர்க்குத் தீங்கு நேர்ந்தது கேட்டு உள்ளம் நொந்து, வேடம் புனைவதையே விடுத்தார் என்பர். சில காலம் துறவு பூண்டு முருகன் தலங்கள் தோறும் சென்றார். சுவாமிகள் என்னும் பெயர் அதனால் வந்ததே. புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவானாகிய மான்பூண்டியா பிள்ளை இவரைத் தம் மகனாகவே ஏற்றுப் பேணினார். அவரிடத்தில் தாள நுட்பங்களைத் தெளிந்த சுவாமிகள் மீண்டும் நாடக உலகிற்கு வந்தார், இம்முறை ஆசிரியராக. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் ஆகியோர் குழுக்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இவர் இயற்றிய நாடகங்கள் ஏறக்குறைய 40. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி அனுசூயா, இலவகுசா, அபிமன்யு சுந்தரி முதலியன அவற்றுட் சில. இவர்க்கு முன்னர் நடிகர் பலர் மேடையில் தோன்றியதைத் தோன்றியவாறே பேசினர். பாட்டும் வசனமும் வரையறுக்கப்பெற்ற பாடங்களை எழுதித் தந்து, அவற்றை நெட்டுருச் செய்வித்து, நாடகத்தை ஒழுங்குக்குக் கொணர்ந்தவர் சுவாமிகளே.

இவ்வொழுங்கினால் விளைந்த பொருட்பயனை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பகுதிகளில் திருவிழாக்காலத்தே ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். அதில் நடிப்பவர் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினர். பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊரினர். ஒவ்வொருவரும் தனித்தனியே அச்சாரம் பெற்று வந்து, ஒத்திகை ஏதுமின்றி, இரவு முழுதும் வள்ளி திருமணம் நடத்தி, விடிந்ததும் தத்தம் கூலியோடு திரும்புவர். இஃது எவ்வாறு இயலும்? அனைவரும் பயின்ற பாடம் ஒன்றாதலின் இயலும். சுவாமிகளின் வழிவந்த பாடத்தைச் செவ்வனே கற்ற நடிகன், எவ்வூர் மேடையிலும் செல்லுபடியாகும் நாணயத்தைத் தன்னுடன் கொண்டவனாவான். பல்கலைக்கழக முத்திரை அதற்கில்லை; ஆயினும் பட்டம் செய்யவேண்டிய தொழிலை அது செய்தது. இவனை நம்பி வேலை கொடுக்கலாம் என்று முன்பின் அறியாதார்க்கு உறுதி கூறுவதே பட்டத்தின் பொருட்பயன் அன்றோ?

1910ஆம் ஆண்டளவில் சமரச சன்மார்க்க நாடக சபையைச் சுவாமிகள் அமைத்தார். பின்னாளில் இசையால் தமிழகத்தையே மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா அதில் பயின்றவர். பின்னர்ச் சிறுவர்களைக் கொண்டு நடத்தும் பாய்ஸ் கம்பெனிகளில் இவர் ஆசிரியராயினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையில் சேர்ந்தபோது அவ்வை டி. கே. சண்முகம் ஆறு வயதுச் சிறுவர். உணவும் உறையுளும் பயிற்சியும் ஓரிடத்தே அமைந்த அக்குழுக்கள், வறிய குடும்பங்களின் சிறுவர்க்குப் பள்ளிக்கூடமாயின. அங்குக் கண்டிப்பு மிகுதி. விளையாடும் பருவம் பாடத்திலும் மேடையிலும் கழிந்தது. அதனையும் கற்ற கல்வியின் விலையாகவே நாம் எண்ணுதல் வேண்டும். அவ்விலையின் மேல் வந்த விளைவும் உண்டு. சகோதரர்கள் 1925ஆம் ஆண்டு தமக்கெனக் குழு அமைத்து, கால் நூற்றாண்டுக் காலம் நடத்தினர்.

ஆசிரியர் பெற்றது யாது? 1921ஆம் ஆண்டளவில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பாட்டும் உரையும் அருவிபோல் பெருகிய நா பேச்சிழந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் இவர் மறைந்தார். அப்பொழுது வயது 55. மணம் புரியாதவர், சேர்த்துவைத்த செல்வமும் இலர். இவர் நாடகங்களை எவரும் நடித்தனர். அதனால் வந்த வருவாய் நடித்தவர்க்கே சேர்ந்தது. பம்மல் சம்பந்த முதலியாரோ தம் நாடகங்களை ஆடுவோர் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தவேண்டுமென வற்புறுத்தியவர். சட்டம் கற்றவர் தம் எழுத்தின் உரிமையைக் காத்துக்கொண்டார். கணக்கராயிருந்தவர் தம் கணக்கை எழுதவே இல்லை.

சுவாமிகளின் சமாதி புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் உள்ளது. அந்நகரில் 1985ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கு நாடகத்திற் பட்டம் வழங்கப்பெறுகின்றது. பட்டம் ஏதும் பெறாதவர் பெயரால் பட்டம் அளிக்கப்பெறுவது நமக்கு வியப்பும் பெருமிதமும் ஒருங்கே விளைக்கின்றது.

ஆயின் அப்பெருமிதம் பெற்றோரின் வினாவிற்கு விடையாகாது. சுவாமிகளின் வறுமையைத் தியாகமென்று போற்றி, இளைஞரையும் அவ்வழியே செல்க என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. அவர் வாழ்க்கையினின்று நாம் அறிவன இரண்டு. நாடகக் கல்வி ஊதியம் தருவதே. ஒருவர் கற்பித்த பாடத்தால் நூறாண்டு கடந்தும் குடும்பங்கள் உண்கின்றன. ஆனால் அவ்வூதியம் கற்றவனிடமோ கற்பித்தவனிடமோ தானே வந்து சேர்வதன்று. உடல் ஒன்றே முதலாகக் கொண்ட தொழிலில் நோய் ஒருநாள் வந்தால் முதலும் ஊதியமும் ஒருங்கே அழியும்.

ஆகவே, நாடகப் பட்டம் நாடும் மாணவன் தன்னைத்தானே வினவிக்கொள்ள வேண்டியன சில. எந்த மேடையும் வேண்டி அழைக்கத்தக்க பாடம் ஒன்றை இக்கல்வி எனக்குத் தருமா? அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றலைத் தருமா? என் எழுத்தின் உரிமையை நான் காக்க அறிவேனா? குரல் தளரும் நாளுக்கென்று யான் சேர்ப்பது யாது? இவற்றிற்கு விடை கூற வல்லவன் தன் தந்தையின் முன் தயங்காது நிற்கலாம். அந்தத் தந்தையும், விடை கேட்டபின், மனம் அமைந்து கட்டணத்தைச் செலுத்தலாம்.