கித்தார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

மாணவர்களே, கோயில் திருவிழா இரவுகளில் நம் தோட்டங்களில் மேடையேறும் இசைக்குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். ரந்தாவ், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், கித்தாரின் தலைப்பகுதியிலோ வாசிப்பவரின் பின்னால் நிற்கும் கறுப்புப் பெட்டியிலோ ஃபெண்டர் என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும். அது ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டுமன்று. ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அந்த மனிதருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் தெரியாது.

அவரைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவன் நான். ஆடித் திருவிழாவுக்குள் ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் கொடுத்த பணம் 1,200 வெள்ளி. சிலர் 50 வெள்ளி கொடுத்தார்கள், ஒரு பாட்டி 5 வெள்ளி கொடுத்தார். வாங்கியது சரியில்லை என்றால் அதே வீடுகளுக்கு மறுபடியும் போய் நிற்க முடியாது. குழுவிலுள்ள தம்பிகளோ கைப்பேசியை வைத்துக்கொண்டு எத்தனை வாட், எந்த வகை என்று வாதிட்டபடி இருந்தார்கள். அந்த வாதத்தைக் கேட்டபோது எனக்கு லியோ ஃபெண்டர்தான் நினைவுக்கு வந்தார்.

லியோ 1909 ஆகஸ்டு 10ஆம் நாள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்டன் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர். தோட்டம் என்றதும் நம் செம்பனைத் தோட்டங்களை நினைத்துவிட வேண்டாம். அது அவர்களின் சொந்த நிலம். குடும்பமே இறங்கி உழைத்தது. எட்டு வயதில் ஒரு கட்டியினால் இடது கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுதும் கண்ணாடிக் கண்தான்.

பதின்மூன்று வயதில், வாகன மின்கருவிக் கடை நடத்திய மாமா ஒருவர் பழைய வானொலி உதிரிப் பாகங்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பி வைத்தார். மறு ஆண்டு சாந்தா மரியா என்ற ஊரிலிருந்த அந்தக் கடைக்கே லியோ போனார். மாமா தம் கையால் செய்த வானொலி ஒன்று கடை வாசலில் பாடிக்கொண்டிருந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து வந்த உரத்த இசை சிறுவனின் மனத்தில் தங்கிவிட்டது. வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்தாரின் வானொலிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்.

அவர் கல்லூரியில் மின்னியல் படித்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. 1928இல் பள்ளிப் படிப்பை முடித்து ஃபுல்லர்டன் கல்லூரியில் சேர்ந்து அவர் படித்தது கணக்கியல். பிறகு ஐஸ் நிறுவனம் ஒன்றில் சரக்கு கொண்டு சேர்க்கும் வேலை, அங்கேயே கணக்கர் வேலை. அந்த நாட்களில் உள்ளூர் இசைக்குழுத் தலைவர் ஒருவர் நடன அரங்குகளுக்கு ஒலிபெருக்கிச் சாதனங்கள் கேட்டார். லியோ ஆறு செய்து கொடுத்தார். 1934இல் எஸ்தரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்து நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர். பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. ஒரு டயர் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று. 1938இல் 600 டாலர் கடன் வாங்கிக்கொண்டு ஃபுல்லர்டனுக்குத் திரும்பி, வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார்.

என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான கல்லூரி அந்தக் கடைதான். இசைக் கலைஞர்கள் உடைந்த ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த இணைப்பு முதலில் விட்டுப்போகிறது, எந்த ஸ்பீக்கர் கிழிகிறது, எந்தப் பெட்டி லாரியில் ஏற்றி இறக்கியதும் சிதறுகிறது என்பதெல்லாம் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் அவர் செய்த பொருள்களில் இந்த அனுபவம் தெரியும். அவருடைய கித்தார்களில் கழுத்தைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பொருத்தினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

1945இல் டாக் காஃப்மன் என்ற கலைஞரோடு கூட்டுச் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கித்தார்களையும் அவற்றுக்கான ஆம்ப்களையும் தயாரித்தார். மறு ஆண்டே காஃப்மன் விலகிக்கொள்ள, லியோ தனியாக நடத்தினார். ஐந்தே ஆண்டுகளில் டெலிகாஸ்டர் என்று இன்று நாம் அறியும் கித்தார் பிறந்தது.

நமக்கு வேண்டியது 1951. அதுவரை நடனக் குழுக்களில் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்தான். காரில் ஏற்றுவதே பெரும்பாடு. டிரம்ஸ் முழங்கினால் அதன் ஒலி கேட்காது. லியோ கித்தாரைப்போல் தோளில் மாட்டும் மின் பேஸைக் கொண்டுவந்தார். ஃபிரெட் எனப்படும் உலோகக் கட்டைகள் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக விழுந்தது. அதனால்தான் பிரிசிஷன் பேஸ் என்று பெயர்.

ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதுமா? பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சாதாரண கித்தாரின் தடித்த கம்பி 82 முறை. அதிர்வு எண் குறையக் குறைய, அதே உரப்பு கேட்க ஸ்பீக்கர் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். கித்தாருக்கான சிறிய ஆம்ப் இதற்குத் தாங்காது. ஆகவே 1952இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வைத்து பேஸ்மேன் என்ற ஆம்பைத் தயாரித்தார் லியோ. அதன் சக்தி 26 வாட் அளவில்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அதையே நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களாக மாற்றியமைத்தார். பேஸுக்காகச் செய்த அந்தப் பெட்டியைக் கித்தார் கலைஞர்கள் தட்டிக்கொண்டு போனது வேறு கதை. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப் இந்த பேஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றியதே.

தமக்கு வாசிக்கத் தெரியாததால், லியோ எதையும் தாமே முடிவு செய்துவிடவில்லை. புதிதாகச் செய்ததை உள்ளூர்க் கலைஞர்களிடம் கொடுத்து இரவு நிகழ்ச்சிகளில் வாசிக்கச் சொன்னார். குறைகளைக் கேட்டுக்கொண்டு மீண்டும் மேசைக்குப் போனார். 1960 வாக்கில் டிக் டேல் என்ற இளம் கித்தார் கலைஞர் ஆம்ப்களையும் ஸ்பீக்கர்களையும் வரிசையாகப் பாழாக்கிக்கொண்டிருந்தார். பட்டறையில் நன்றாகப் பாடிய ஆம்ப் அவர் கையில் ஏன் சாகிறது? விடை தேடி, லியோவும் அவருடைய உதவியாளர் ஃப்ரெடி தவாரெஸும் பல்போவாவிலிருந்த ராண்டெவூ நடன அரங்குக்கே போய்க் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உடல்கள் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெறும் அறையில் அளந்த வாட் அங்கே எடுபடவில்லை. அதன்பின் வலிமையான மின்மாற்றியும் 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஷோமேன் ஆம்ப் உருவானது.

நாங்களும் இதைத்தான் செய்தோம். சிரம்பானில் ஒரு கடையில் இரண்டு ஆம்ப்களைத் தேர்ந்தோம். ஒன்று புதிது; 10 அங்குல ஸ்பீக்கர், 40 வாட். மற்றொன்று பழையது, 15 அங்குலம், 100 வாட். 100 வாட் என்றால் இரண்டரை மடங்கு உரக்கக் கேட்கும் என்று தம்பிகள் நம்பினார்கள். அப்படியில்லை. காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. ஸ்பீக்கரின் அளவையும் பெட்டியின் அமைப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குளிர்சாதனக் கடைக்குள் சிறியது தேனாக ஒலித்தது. கடைக்காரர் நல்லவர், முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டையும் ஒரு வார இறுதிக்குத் தந்தார்.

எங்கள் கோயில் மண்டபத்துக்குத் தகரக் கூரை. என் பேஸ், என் வயர், திருவிழாவில் வாசிக்கும் அதே பாடல்கள். டிரம்ஸும் உறுமியும் சேர்ந்ததும் சிறிய ஆம்ப் காணாமல் போனது. ஒலியைக் கூட்டினால் கரகரத்தது. பெரியதில் பேஸ் நின்றது. ஆனால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, அடி ஒலியைச் சற்றுக் குறைத்ததும் அடங்கியது. மூலையில் வைத்தால் சுவர்கள் தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். நான் தம்பி ஒருவனிடம் பேஸைக் கொடுத்துவிட்டு மண்டபத்தின் கடைசிக்குப் போனேன். அங்கே அந்த 5 வெள்ளிப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டாவது பெட்டி பாடும்போது பெஞ்சில் தாளம் தெரிகிறது என்றார். பழைய பெட்டியையே 950 வெள்ளிக்கு வாங்கினோம். தூக்க இரண்டு பேர் வேண்டும். அது ஒரு குறைதான்.

லியோவின் பிற்கால வாழ்க்கையில் நோயின் பங்கு பெரிது. 1950களின் நடுவில் பற்றிய சைனஸ் தொற்று ஆண்டுக்கணக்கில் விடவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று எண்ணி, 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பின்னர் வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் குணமானார்! மறுபடியும் மேசைக்கு வந்தார். மியூசிக் மேன் நிறுவனத்துக்காக ஸ்டிங்ரே பேஸை வடிவமைத்தார். 1979இல் எஸ்தர் இறந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரு பெயர்களின் முதல் எழுத்துகள் அவை. ஃபெண்டர் என்ற பெயரை நிறுவனத்தோடு சேர்த்து விற்றுவிட்டதால், தம் கையால் செய்த கித்தார்களுக்கு அவரால் அந்தப் பெயரை வைக்க முடியவில்லை. தொழிற்சாலை இருந்த தெருவுக்கு மட்டும் ஃபெண்டர் அவென்யூ என்று பெயர்.

பார்க்கின்சன் நோய் கைகளைத் தளர்த்திய பிறகும் அவர் அங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தார். 1991 மார்ச் 21ஆம் நாள், 81ஆம் வயதில் காலமானார். அவர் வேலை செய்த அறையை ஜி அண்ட் எல் நிறுவனத்தார் கலைக்காமல் பாதுகாத்து வைத்தார்கள்.