மைக்கேல் பாரடேயும் சுடர்க்கரியும்

விளக்கின் மேற்படியும் கரியை அழுக்கென்று துடைத்தெறிகின்றோம். சுடருக்கு ஒளி தருவதும் அக்கரியே என்பதை எண்ணுவதில்லை. இதனைச் சிறுவரும் உணர விளக்கியவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தின் பொருட்டே உலகம் அவரைப் போற்றுகின்றதாதலின், அவர் சுடரை ஆராய்ந்த வரலாற்றை நாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பாரடே 1791ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இலண்டனையடுத்த நியூயிங்டனில் வறிய கொல்லரொருவரின் மகனாய்ப் பிறந்தார். பள்ளிக் கல்வி சிறிதே. புத்தகங் கட்டுந் தொழில் பயிலப் புகுந்து, கட்ட வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றார். 1812இல் ஸர் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டெழுதிய குறிப்புகளைத் தம் கையாற் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். சுடரினுள் தழலாய்க் கனலும் கரித்துகள்களே ஒளிக்குக் காரணமென டேவி கண்டிருந்தார்.

அந்நாளில் திமிங்கில எண்ணெய் முதலியவற்றைக் காய்ச்சியெடுத்த வாயுவை, 30 மடங்கு வளியழுத்தத்திற் கலங்களிலடைத்து விளக்கெரிக்க விற்றனர். கலத்தடியில் ஒரு திரவம் தங்கிற்று. 1825இல் பாரடே அதனைப் பிரித்தாராய்ந்து, இன்று பென்ஸீன் எனப்படும் பொருளைக் கண்டார். நிறையில் ஹைட்ரஜன் ஒரு பங்கானால், அதிற் கரி 12 பங்கு. மெழுகிலோ அதே கரிக்கு ஹைட்ரஜன் ஏறக்குறைய இரு பங்கு. எனவே பென்ஸீன் பேரொளியோடு கரும்புகையையுங் கக்குகின்றது. விகிதம் மட்டுமன்று, அமைப்புங் காரணமே: பென்ஸீனின் ஆறு கரியணுக்களும் வளையமாய் நிற்கின்றன, அத்தகைய வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருகியே புகைக்கரி விளைகின்றதென்பது பிற்கால ஆராய்ச்சி. சாராயத்தில் ஆக்ஸிஜனும் அடங்கியிருத்தலின் அது நீலச்சுடராய்ப் புகையின்றி எரிகின்றது.

1860ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் காலத்தில், நினைவாற்றல் தளர்ந்த 69ஆம் பிராயத்தில், பாரடே சிறுவர் முன்னே மெழுகுவத்தியைப் பற்றி ஆறு பிரசங்கங்கள் செய்தார். எத்தனையோ அரிய பொருள்களிருக்க, ஏழை வீட்டிலும் எரியும் வத்தியை அவர் தெரிந்துகொண்டது நமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. வளைந்த கண்ணாடிக் குழாயின் முனையைச் சுடரின் ஒளிர்பாகத்தில் வைத்தார். மறுமுனையிற் கரும்புகை வந்தது. நடுவிலுள்ள இருண்ட பாகத்தில் வைத்தபோது வந்ததோ எரியத்தக்க மெழுகாவி! பின்னர், டர்பண்டைனில் தோய்த்த கடற்பஞ்சைக் கொளுத்திப் புகை எழுவதைக் காட்டி, அதனை ஆக்ஸிஜன் நிறைந்த குடுவையில் இட்டார். புகை முற்றும் எரிந்தொழிந்தது. எரிபொருளின் தன்மையோடு அதற்குக் கிடைக்கும் காற்றின் அளவும் கரியை நிர்ணயிக்குமென்பதைச் சிறுவர் கண்ணாரக் கண்டனர்.

அப்பிரசங்கங்கள் 1861இல் நூலாயின. 1867ஆம் வருஷம் ஆகஸ்டு 25ஆம் தேதி ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்த தம் இல்லத்திற் பாரடே காலமானார்.